காவிக்கு அடியிற் கோலம்

நம் சாமளாபுரத்தைத் தழுவியோடும் நொய்யல், கிழக்கே சென்று கொடுமணலைத் தொடுகிறது. ஈராயிரம் ஆண்டுகட்கு முன் இரும்பு உருக்கி, கல்மணி கடைந்த ஊர் அது! 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கு அகழ்ந்தது. கிடைத்த ஓடுகளுள் ஒருவகை நம் உள்ளத்தைக் கவர்கிறது. வெள்ளைக் களிமண் குழம்பாற் கோடும் வளைவும் தீட்டி, அதன்மேற் காவி பூசினர்; பூச்சினூடே கோலம் தெரிந்தது. பீங்கான் ஆலைகள் மெருகுக்கு அடியில் வண்ணமிடுவதும் இத்தகையதே. காவி கண்ணாடி மெருகன்று. ஆயினும் எண்ணம் ஒன்றன்றோ?

கலங்களில் தமிழியாற் பெயர் கீறியோர் பலர். ஆதன் என்னும் பெயரும் அவற்றுள் உண்டு. தீட்டிய கைக்குப் பெயருண்டா? வேள்விக்குப் பொன்னீந்த வேந்தரையே நாம் ஒப்புவிக்கச் செய்கிறோம். குயவர் வீட்டுப் பிள்ளையும் நம் வகுப்பில் அமர்ந்திருக்கிறான். பாடத்தில் அவன் பாட்டனுக்கு ஒரு வரியும் இல்லை.