வாயிற்காவலனின் கணக்கு: இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றுள்ளோர் எண்ணப்பட்ட வரலாறு

2007 ஜூலை 6 அன்று புதுதில்லியில் மத்திய சுகாதார அமைச்சர் அன்புமணி ராமதாஸ் ஓர் எண்ணை வெளியிட்டார். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோர் ஏறத்தாழ 24.7 லட்சம் பேர் என்றது அந்த அறிவிப்பு. அதற்கு முந்தைய மதிப்பீட்டில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு (நாகோ) கூறியிருந்தது 52 லட்சம். ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பின் 2006ஆம் ஆண்டு அறிக்கை 57 லட்சம் என்று சொல்லி, தொற்றுள்ளோர் எண்ணிக்கையில் இந்தியாவைத் தென்னாப்பிரிக்காவுக்கும் மேலே, உலகின் முதலிடத்தில் நிறுத்தியிருந்தது. ஓராண்டு இடைவெளியில் அந்த எண் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

இடைப்பட்ட காலத்தில் எவரும் அந்நோயிலிருந்து முற்றாகக் குணமடையவில்லை. இருபது, முப்பது லட்சம் பேர் மாண்டு போகவுமில்லை. கணக்கிலிருந்து மறைந்த அந்த மக்கள் ஒருபோதும் இருந்ததே இல்லை. இல்லாதவர்கள் கணக்கில் எவ்வாறு ஏறினார்கள் என்ற கேள்விக்கான விடை, ஒரு நோயைக் காண விரும்பும் அரசு எந்த இடத்தில் நின்று பார்க்கிறது என்பதில் இருக்கிறது.

அந்த வரலாறு சென்னையில் தொடங்குகிறது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலா தம் ஆய்வேட்டிற்காகப் பாலியல் தொழிலாளர்களிடமிருந்து இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அம்மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. ஆறு பெண்களின் இரத்தத்தில் தொற்று இருப்பது தெரியவந்தது. அமெரிக்காவில் நடந்த மறுசோதனையும் அதை உறுதிசெய்தது. எச்.ஐ.வி. மேலைநாட்டு நோய், இந்தியப் பண்பாடு அதற்கு இடம் கொடாது என்ற நம்பிக்கை அன்றோடு உடைந்தது. இந்தத் துணிவான கண்டுபிடிப்பிலேயே பின்னாளைய சிக்கலின் விதையும் இருந்தது. மாதிரி தந்த பெண்கள் அரசுக் காப்பு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்தவர்கள். ஆய்வாளரால் அணுக முடிந்த இடம் அது. கைக்கெட்டும் இடத்தில் தேடுவது தொடக்கத்தில் தவிர்க்க இயலாதது. அந்த இடத்தையே நாடு முழுமைக்குமான அளவுகோலாகக் கொள்ளும்போதுதான் கணக்கு பிசகுகிறது.

1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1998 முதல் ஆண்டுதோறும் முறையான கண்காணிப்பு நடந்தது. அதற்குச் சூட்டப்பட்ட பெயர் சென்டினல் கண்காணிப்பு. சென்டினல் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு வாயிற்காவலன் என்பது பொருள். தேர்ந்தெடுத்த அரசு மருத்துவமனைகளின் கர்ப்பகாலப் பரிசோதனைப் பிரிவுகளிலும் பால்வினை நோய்ப் பிரிவுகளிலும் ஆண்டுக்குச் சில மாதங்கள் இரத்த மாதிரிகள் எடுக்கப்பட்டன. கர்ப்பகாலப் பிரிவு ஒவ்வொன்றிலிருந்தும் 400 மாதிரிகள் என்பது இலக்கு. கர்ப்பிணிகளிடம் சிபிலிஸ் சோதனைக்காக எப்படியும் எடுக்கப்படும் இரத்தத்தின் எஞ்சிய பகுதியே இதற்குப் பயன்பட்டது. பெயரும் அடையாளமும் நீக்கப்பட்டு, வயது, ஊர் போன்ற சில விவரங்களோடு மட்டும் அம்மாதிரி ஆய்வகம் சென்றது.

இம்முறை மலிவானது, எளிதானது, உலக நாடுகள் பலவும் கையாண்டது. ஆனால் வாயிற்காவலனால் தான் காக்கும் வாயிலைக் கடந்தவர்களை மட்டுமே எண்ண முடியும். ஊருக்குள் எத்தனை பேர் என்று அவனைக் கேட்டால் அவன் ஊகித்துத்தான் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளிடம் கண்ட விகிதம், சில அனுமானங்களின் துணையோடு, ஆண்கள் உள்ளிட்ட வயதுவந்தோர் அனைவருக்கும் நீட்டிக்கப்பட்டது. பால்வினை நோய்ப் பிரிவுகளில் கண்ட விகிதம், நாட்டில் அந்நோய்கள் இருப்பதாகக் கருதப்பட்ட அத்தனை பேருக்கும் பொருத்தப்பட்டு மேலே கூட்டப்பட்டது. இவ்வழியில் 1998இல் 35 லட்சமாக இருந்த மதிப்பீடு 2005இல் 52 லட்சத்தை எட்டியது.

அச்சம் அந்த எண்ணைவிட வேகமாக வளர்ந்தது. 2002 செப்டம்பரில் அமெரிக்காவின் தேசிய உளவு மன்றம் வெளியிட்ட அறிக்கை, 2010க்குள் இந்தியாவில் இரண்டு முதல் இரண்டரைக் கோடிப் பேர் தொற்றுக்கு ஆளாகக்கூடும் என்றது. அதே ஆண்டு நவம்பரில் பில் கேட்ஸ் இந்தியா வந்து பத்துக் கோடி டாலர் நிதியை அறிவித்தார். அதிலிருந்து அவஹான் திட்டம் பிறந்தது. நிதியை வரவழைக்கும் ஆற்றல் பெரிய எண்ணுக்கு உண்டு என்பதால் எண்ணை யாரோ வேண்டுமென்றே ஊதிப் பெருக்கினார்கள் என்று பின்னாளில் குற்றம் சாட்டியவர்களும் உண்டு. கணக்கின் உட்கூறுகளை ஆராய்ந்தால் அவ்வளவு எளிய விளக்கம் போதாது என்பது புலப்படும்.

புலப்படுத்தியது ஆந்திரத்தின் குண்டூர் மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு. லலித் தந்தோனாவும் உடன் ஆய்வாளர்களும் மருத்துவமனை வாயிலை விட்டுவிட்டு ஊர்களுக்கும் நகர்ப் பகுதிகளுக்கும் சென்றனர். 12,000க்கும் மேற்பட்ட வயதுவந்தோரைச் சோதித்தனர். 2006 இறுதியில் வெளியான முடிவின்படி, அரசு முறை அம்மாவட்டத்துக்குத் தந்த எண்ணிக்கை உண்மை நிலையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. காரணங்களையும் அவர்கள் காட்டினர். பெரிய அரசு மருத்துவமனைக்குப் பிரசவத்துக்கு வருவோரில் ஏழைப் பெண்களே மிகுதி. அம்மாவட்டத்தில் தொற்றும் அவர்களிடையே அதிகம். அதைவிட முக்கியமானது மற்றொன்று. எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரிந்தாலோ ஐயம் எழுந்தாலோ தனியார் மருத்துவமனைகள் அப்பெண்ணை அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டன. தனியார் மருத்துவமனையின் மறுப்பு அரசுப் பதிவேட்டில் உயர்ந்த விகிதமாகப் பதிவாயிற்று. பால்வினை நோய்ப் பிரிவுகளின் கணக்கு இதன்மேல் மீண்டும் ஒரு சுமையை ஏற்றியது.

ஒதுக்குதல் எண்ணாக மாறிய இடம் இது. சமூகம் ஒருவரை எந்த வாயிலை நோக்கித் தள்ளியதோ அந்த வாயிலிலேயே காவலன் நின்றிருந்தான். அவன் எண்ணியது சரி. அந்த எண்ணை நாட்டின் எண்ணாகக் கொண்டதே பிழை.

இத்தகைய திருத்தத்தைச் சந்தித்த முதல் நாடு இந்தியா அன்று. கென்யாவின் 2003ஆம் ஆண்டு வீட்டுக் கணக்கெடுப்பு வயதுவந்தோரில் 6.7 விழுக்காட்டினருக்குத் தொற்று என்று கண்டபோது, கர்ப்பகாலப் பிரிவுகளை வைத்துச் சொல்லப்பட்ட முந்தைய மதிப்பீடுகள் அதைவிட மிக உயரத்தில் இருந்தன. ஜாம்பியாவிலும் அதுவே நிகழ்ந்தது. இந்தியாவில் அப்பணியை 2005-06இல் நடந்த மூன்றாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு ஏற்றது. வீடு வீடாகச் சென்ற களப்பணியாளர்கள் ஒப்புதல் பெற்று, விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தத் துளிகளை வடிதாளில் உலர்த்தி ஆய்வகத்துக்கு அனுப்பினர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சோதிக்கப்பட்டனர். 15 முதல் 49 வயது வரையிலானோரில் தொற்று 0.28 விழுக்காடு; பெண்களில் 0.22, ஆண்களில் 0.36. மணிப்பூரில் 1.13 விழுக்காடு, ஆந்திரத்தில் 0.97, கர்நாடகத்தில் 0.69, மகாராட்டிரத்தில் 0.62, தமிழ்நாட்டில் 0.34 என மாநிலங்களுக்கிடையே பெரும் வேறுபாடு தெரிந்தது.

வீட்டுக் கணக்கெடுப்பும் பிழையற்றதன்று. வீடற்றவர், சிறையில் இருப்பவர், விடுதிகளிலும் சாலைகளிலும் வாழ்நாளைக் கழிப்பவர் அதன் கண்ணில் படமாட்டார். பாலியல் தொழிலாளர்களும் ஊசிவழிப் போதை மருந்து எடுத்துக்கொள்வோரும் வீட்டு வாசலில் தம்மை அவ்வாறு அறிமுகப்படுத்திக்கொள்ள மாட்டார்கள். எனவே 2007இன் மதிப்பீடு இரண்டு பார்வைகளையும் இணைத்தது. 2006இல் 1,122 மையங்களாக விரிந்திருந்த சென்டினல் தரவு, வீட்டுக் கணக்கெடுப்பின் துணைகொண்டு திருத்தப்பட்டது. உயர் ஆபத்துக் குழுக்களின் கணக்கு தனியே சேர்க்கப்பட்டது. கிடைத்த விகிதம் 0.36 விழுக்காடு. எண்ணிக்கை 20 லட்சத்துக்கும் 31 லட்சத்துக்கும் இடையே எங்கும் இருக்கலாம் என்பதும் உடன் சொல்லப்பட்டது. தலைப்புச் செய்திகளில் நின்றது 25 லட்சம் மட்டுமே. எண்ணிக்கை என்ற சொல்லும் மதிப்பீடு என்ற சொல்லும் நாளேடுகளில் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாகப் புழங்கிவருவதால், ஆள் ஆளாக எண்ணிச் சொன்ன கணக்கைப் போலவே அது வாசிக்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் உலக மொத்தமும் 3.95 கோடியிலிருந்து 3.32 கோடியாகத் திருத்தப்பட்டபோது, அந்தச் சரிவில் பெரும்பங்கு இந்தியாவினுடையது.

எண் பாதியானதும் இருவேறு அச்சங்கள் எழுந்தன. நோய் பெரிதில்லை என்று அரசும் கொடையாளர்களும் கைவிடுவார்களோ என்பது ஒன்று. இதுவரை சொன்னவை யாவும் பொய் என்று மக்கள் நினைப்பார்களோ என்பது மற்றொன்று. உண்மையில் பழைய சென்டினல் தரவு வீணாகவில்லை. மொத்தத்தைச் சொல்வதில் தடுமாறிய அதே தரவு, போக்கைச் சொல்வதில் வலிமை காட்டியது. ஒரே வாயிலில் ஆண்டுதோறும் நிற்பவன் வரவு கூடுகிறதா குறைகிறதா என்பதை நன்கறிவான். ராஜேஷ் குமார், பிரபாத் ஜா முதலியோர் 2006இல் லான்செட் இதழில் வெளியிட்ட கட்டுரை அதைத்தான் செய்தது. தமிழ்நாடு உள்ளிட்ட தென்பகுதி மாநிலங்களில் 15 முதல் 24 வயதுக் கர்ப்பிணிகளிடையே தொற்று 2000இல் 1.7 விழுக்காடாக இருந்து 2004இல் 1.1 விழுக்காடாகக் குறைந்திருந்தது. இளம் வயதினரிடையே தொற்று குறைவது புதிய தொற்று குறைவதன் அறிகுறி. ஆணுறைப் பரப்புரையும் பாலியல் தொழிலாளர்களே முன்னின்று நடத்திய தடுப்புப் பணிகளும் வீண்போகவில்லை என்று நம்புவதற்கு அது இடம் தந்தது. அதே தரவைக் கொண்டு நாகோ மாவட்டங்களைத் தரம் பிரித்து, 195 மாவட்டங்களை முன்னுரிமைக்கு உரியவையாக அடையாளம் கண்டது. மாநிலத் தலைநகரத்தில் தேங்கிக் கிடந்த திட்டம் மாவட்டத்துக்கு இறங்கியதற்கு இது வழிவகுத்தது.

இத்தனைக்கும் இடையே ஓர் அறக்கேள்வி நெடுங்காலம் விடையின்றி நின்றது. பெயர் நீக்கிய மாதிரியில் தொற்று தெரிந்தால், அதற்குரிய பெண்ணைக் கண்டுபிடிக்க வழியில்லை. நாட்டின் கணக்குக்கு அவள் உதவினாள். அவளுக்கு அக்கணக்கு உதவவில்லை. சிகிச்சையே இல்லாத காலத்தில் இதற்கு ஒரு நியாயம் சொல்ல முடிந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியபின் அந்த நியாயம் வலுவிழந்தது. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை அந்த எட்டில் ஒன்று. இனித் தேவைப்பட்டது வேறு வகைத் தரவு. விகிதம் சொல்லும் பெயரற்ற மாதிரியோடு, இன்னார் இம்மாதம் மருந்து வாங்க வந்தாரா என்று சொல்லும் பெயருள்ள ஏடும் வேண்டியதாயிற்று.

அந்த ஏட்டைக் கணினியில் ஏற்றும் முயற்சியில் கென்யா முன்னோடி. எல்டோரெட் நகருக்கு அருகிலுள்ள மொசோரியோட் கிராமச் சுகாதார நிலையத்தில் 2001இல் மோய் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகமும் இணைந்து ஒரு மின்னணு மருத்துவப் பதிவு முறையை நிறுவின. அது எச்.ஐ.வி. சிகிச்சைக்கு விரிந்தது, அந்த அனுபவத்திலிருந்து 2004இல் ஓப்பன் எம்.ஆர்.எஸ். என்னும் திறந்த மென்பொருள் உருவாகிப் பல நாடுகளுக்குப் பரவியது. நோயாளிக்கு உரிய நாளில் சி.டி.4 சோதனை செய்யப்படவில்லை என்பதைப் பதிவு முறையே மருத்துவருக்கு நினைவூட்டியபோது விடுபட்ட சோதனைகள் குறைந்தன.

இந்தியாவின் வழி பெரும்பாலும் தாள்வழியே சென்றது. கூட்டு மருந்து மையத்தில் நோயாளிக்கான வெள்ளை அட்டையும், நோயாளி கையில் வைத்திருக்கும் பச்சைக் கையேடும் அதன் அடிப்படை. மையங்கள் மாதந்தோறும் மொத்தக் கணக்கை மேலிடத்துக்கு அனுப்பின. 2010இல் அறிமுகமான இணையவழித் தகவல் மேலாண்மை முறை இவ்வறிக்கைகளை ஒருங்கிணைத்தது. மொத்தக் கணக்கின் எல்லை இங்கும் தென்பட்டது. பிழைப்புக்காக ஊர் மாறிய ஒருவர் பழைய மையத்தின் ஏட்டில் சிகிச்சையைக் கைவிட்டவர். புதிய மையத்தின் ஏட்டில் புதிய நோயாளி. இருவரும் ஒருவரே என்று அறிய, தனியாள் பதிவு மையங்களைக் கடந்து செல்ல வேண்டும். அவ்வாறு செல்லும் பதிவு தவறான கைகளில் சிக்கினால் ஒருவரின் வேலையும் வாடகை வீடும் திருமணமும் பறிபோகும். தனியார் மருத்துவமனைகள் நோயாளிகளை வாயிலிலேயே திருப்பியனுப்பிய நாட்டில் இந்த அச்சம் கற்பனையன்று. 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒப்புதலின்றி ஒருவரின் தொற்று நிலையை வெளியிடுவதைத் தடைசெய்ததோடு, அத்தகவல்களை வைத்திருப்போர் அவற்றைப் பாதுகாக்க வேண்டிய கடமையையும் விதித்தது. வேலையிலும் மருத்துவத்திலும் வேறுபாடு காட்டுவதையும் அது தடைசெய்தது.

2023ஆம் ஆண்டுக்கான நாகோவின் மதிப்பீடு 25.44 லட்சம். வயதுவந்தோரில் 0.20 விழுக்காடு. கணக்கிடும் முறைகள் இடையே பலமுறை மாறிவிட்டதால் 2007இல் வெளியான எண்ணோடு இதை நேருக்கு நேர் வைத்து ஒப்பிட இயலாது. ஆயினும் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகத் தெரிவதைக் கண்டு பதினாறு ஆண்டுகளில் எதுவும் மாறவில்லை என்று எண்ணுபவர் ஏமாறுவார். விகிதம் தாழ்ந்திருக்கிறது, புதிய தொற்று குறைந்திருக்கிறது. அவ்வாறிருந்தும் எண்ணிக்கை இறங்காமல் நிற்பதற்கு முதன்மையான காரணம், முன்பு மாண்டிருக்கக்கூடியவர்கள் மருந்துண்டு வாழ்கிறார்கள் என்பது. வாயிற்காவலனின் கணக்கிலோ வீட்டுக் கணக்கெடுப்பிலோ இதைப் படிக்க முடியாது. ஒருவர் இம்மாதமும் மருந்து வாங்க வந்தார் என்று ஏதோ ஒரு கூட்டு மருந்து மையத்தில் எழுதப்படும் வரியில்தான் அது இருக்கிறது.