தூண்டில் வந்த வழி

கண்மாய்க் கரைக்குப் பக்கத்துப் பெட்டிக்கடைகளில் இன்றும் ஒரு தூண்டிலுக்கு வேண்டிய எல்லாம் கிடைக்கும். கொஞ்சம் தங்கூஸ், ஒரு முள், ஓர் ஈயக்குண்டு, ஒரு தக்கை. மூங்கில் கழியை மட்டும் நாமே வெட்டிக்கொள்ள வேண்டும். பார்வைக்கு இவ்வளவு எளிய கருவி வேறு இல்லை. ஆனால் இதன் பாகங்களை இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் பாதிப் பேர் மீன்பிடித் தொழிலோடு தொடர்பே இல்லாதவர்கள். ஊசி அடித்தவர்கள், பட்டுப்புழு வளர்த்தவர்கள், துப்பாக்கி செய்தவர்கள், கடிகாரக்காரர்கள், எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடி தயாரித்த ஒரு நிறுவனம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

முள்ளிலிருந்து தொடங்குவோம். இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழைய தூண்டில் முட்கள் ஜப்பானின் ஒகினாவா தீவில், சகிதாரி குகையில் கிடைத்தவை. கடல் நத்தையின் ஓட்டை உடைத்துத் தேய்த்துச் செய்த அவற்றின் வயது சுமார் 23,000 ஆண்டுகள். நன்னீர் மீன்பிடிப்புக்கு இன்னும் தெளிவான சான்று யோர்தான் ஆற்றங்கரையில் உள்ளது. அங்கே பனியுகத்தின் கடைசிக் காலத்தைச் சேர்ந்த 19 எலும்பு முட்களும், நூல் கட்டக் காடி வெட்டிய கற்களும் தோண்டியெடுக்கப்பட்டன. சிறிய மீனுக்குச் சிறிய முள், பெரிய மீனுக்குப் பெரிய முள் என்ற கணக்கு உழவுக்கும் முந்தியது என்பது அவற்றைப் பார்த்தால் புரியும். உலோகம் வந்தபின், சிந்துவெளி நகரங்களின் செம்பு முட்களில் இன்னொரு நுட்பம் சேர்ந்திருக்கிறது. முனைக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குட்டி எதிர்முள்தான், கவ்விய மீன் நழுவாமல் காப்பது.

பசிக்காக நீரில் இறங்கிய கருவி பொழுதுபோக்காக எப்போது மாறியது? எகிப்தின் பெனி ஹசன் கல்லறைச் சுவர்களில், ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன்பே கழியும் நூலுமாக மீன்பிடிக்கும் மனிதர் வரையப்பட்டிருக்கிறார். பிற்காலத் தீப்ஸ் நகர ஓவியம் ஒன்றில், வசதியான ஒருவர் தம் தோட்டத்துக் குளத்தருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து தூண்டில் போடுகிறார். சாப்பாட்டுக்குத் திண்டாடுகிறவர் நாற்காலி போட்டுக்கொள்ள மாட்டார்.

நம் சங்கப் புலவர் ஒருவருக்குத் தூண்டில்தான் பெயரே கொடுத்தது. குறுந்தொகையில் ஒரு தலைவியின் துயரைப் பாடிய அவர், காட்டு யானை வளைத்துப் பிடித்துக் கைவிட்ட பசிய மூங்கில் விருட்டென்று மேலே எழுவதை, மீன் சிக்கியதும் சுண்டி இழுத்த தூண்டிலோடு ஒப்பிட்டார். அவரது இயற்பெயர் மறைந்து, மீனெறி தூண்டிலார் என்ற பெயர் நின்றுவிட்டது. மூங்கிலின் வளைந்து மீளும் குணத்தை இவ்வளவு கச்சிதமாகப் பிடித்த இன்னொரு வரியை நான் படித்ததில்லை. இந்த மூங்கில் பின்னால் அமெரிக்கா வரைக்கும் போகப்போகிறது.

கி.பி. 200 வாக்கில் ரோமாபுரியில் வாழ்ந்த ஏலியன் என்ற எழுத்தாளர், மாசிடோனியாவில் ஓடிய ஆஸ்திரேயஸ் ஆற்றைப் பற்றி ஒரு செய்தியைக் குறித்துவைத்தார். அந்த ஆற்றில் புள்ளிபோட்ட மீன்கள், நீர்மேல் பறக்கும் ஒருவகைப் பூச்சியைத் தாவித் தின்னும். அந்தப் பூச்சியை முள்ளில் குத்தினால் நிறம் கெட்டுவிடும். ஆகவே ஊர்க்காரர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் கழுத்திறகு இரண்டைக் கட்டிப் போலிப் பூச்சி ஒன்றைச் செய்தார்கள். மீன் ஏமாந்தது. இன்று உலகெங்கும் தனிக்கலையாக வளர்ந்திருக்கும் பூச்சித் தூண்டிலுக்கு எழுத்தில் உள்ள ஆதிச் சான்று அதுதான்.

சீனம் கொடுத்தது ராட்டினத்தை. 1195 வாக்கில் மா யுவான் என்ற ஓவியர், குளிர்கால ஏரியில் தனிப்படகில் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பட்டுத்துணியில் தீட்டினார். அவர் கையிலுள்ள கழியில் நூல் சுற்றிய சிறு சக்கரம் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. இங்கிலாந்து நூல்களில் அப்படியொரு கருவி தலைகாட்டியது 1651இல்.

ஆனால் மீன்பிடிப்பைப் படித்துத் தெரிந்துகொள்ளும் கலையாக்கியது இங்கிலாந்துதான். 1496இல் வின்கின் டி வொர்ட் என்ற அச்சகர், வேட்டையும் பருந்து வளர்ப்பும் பற்றிய பெரிய நூல் ஒன்றுக்குள் தூண்டில் பற்றிய கட்டுரை ஒன்றைச் சேர்த்தார். ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னியாஸ்திரீ மடத் தலைவி எழுதியதாக மரபு. தையல் ஊசியை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, மிருதுவாக்கி, வளைத்து முள் செய்வது எப்படி என்று அது சொல்கிறது. வெள்ளைக் குதிரையின் வால்மயிரைத் தண்ணீரின் நிறத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப எப்படிச் சாயமிட்டு முறுக்குவது என்று சொல்கிறது. கழியின் மேல்பாகத்தை அடிப்பாகத்துக்குள் ஒளித்துவைத்து, கைத்தடிபோல் ஊன்றிக்கொண்டு போனால் எங்கே போகிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது என்ற யோசனையும் உண்டு. புதிதாகத் தூண்டில் பிடிப்பவருக்கு அது சொல்லும் முதல் பாடம் இன்றும் மாறவில்லை: மீனின் கண்ணில் படாதே, உன் நிழலைத் தண்ணீரில் விழவிடாதே.

எனக்கு மிகப் பிடித்தது அந்தக் கட்டுரையின் முடிவு. அடுத்தவர் வேலியை உடைக்காதே, திறந்த கதவை மூடிவிட்டுப் போ, தேவைக்கு மேல் பிடிக்காதே என்கிறது. இதைத் தனிச் சிறுநூலாக மலிவாக விற்றால் வேலையற்றவர்கள் வாங்கிப் படித்து மீனையெல்லாம் அழித்துவிடுவார்கள், அதனால்தான் விலை கூடிய பெரிய நூலுக்குள் வைத்தேன் என்று அச்சகர் காரணமும் சொல்கிறார். வளம் தீர்ந்துபோகும் என்ற கவலை 500 ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது.

1653இல் லண்டன் துணி வணிகர் ஐசக் வால்டன், உள்நாட்டுப் போர் ஓய்ந்த களைப்பில் இருந்த நாட்டுக்கு, ஒரு தூண்டில்காரரும் அவருடைய மாணவரும் ஆற்றோரம் நடந்தபடி பேசுவதாகப் புத்தகம் ஒன்றை எழுதினார். அது இன்றுவரை அச்சில் இருக்கிறது.

அதே நூற்றாண்டில் முள் ஊர் மாறியது. நல்ல முட்களை லண்டன் ஊசிக்காரர்கள் செய்துவந்தார்கள். அவர்களில் சார்லஸ் கிர்பி என்பவரின் வளைவுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. 1665இல் கொள்ளைநோயும் மறு ஆண்டு பெருந்தீயும் நகரை வாட்டியெடுத்த பிறகு, அத்தொழிலில் பலர் ஆரோ ஆற்றின் நீராலைகள் சுழலும் ரெடிட்ச் ஊரை நோக்கிப் போனார்கள். கடைசியில் உலகத்தின் ஊசியும் தூண்டில் முள்ளும் அந்தச் சின்ன ஊரிலிருந்தே கப்பலேறின. 1851இல் அங்கே ஜார்ஜ் டவுன்செண்ட் தொடங்கிய ஊசி ஆலை பிறகு சைக்கிளுக்கு மாறியது. சைக்கிளிலிருந்து மோட்டார் சைக்கிளுக்குப் போய் ராயல் என்ஃபீல்ட் ஆனது. 1955இல் சென்னை வந்து, திருவொற்றியூரில் புல்லட்டாக உறுமத் தொடங்கியது. புல்லட்டுக்கும் தூண்டில் முள்ளுக்கும் தாய்வீடு ஒன்றுதான். ரெடிட்சின் முள் வியாபாரத்தை நார்வேயின் முஸ்டாட் நிறுவனம் தட்டிப் பறித்தது. 1877இல் மத்தியாஸ் டோப் என்ற அதன் ஊழியர் அமைத்த இயந்திரம், ஆட்கள் கையால் செய்துவந்த வேலையைத் தானே செய்து தள்ளியது.

நூலின் கதை இன்னும் விசித்திரம். குதிரைமயிருக்கு அடுத்து வந்தது பட்டுப்புழு. ஸ்பெயினின் முர்சியா வட்டாரத்தில், கூடு கட்டவிருக்கும் புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை வெளியே எடுத்து, இரு கையாலும் இழுத்து நீட்டிக் காயவிடுவார்கள். தண்ணீரில் போட்டால் கண்ணுக்குத் தெரியாத உறுதியான இழை கிடைக்கும். ஆனால் நீளம் கொஞ்சமே வரும், பயன்படுத்துமுன் ஒவ்வொரு முறையும் நனைத்து இளக்க வேண்டும். இந்தத் தொழிலை முடித்துவைத்தது அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் 1938இல் அறிவித்த நைலான். அது கடைக்கு முதலில் வந்தது பல்துலக்கும் தூரிகையின் மயிராக. தூண்டிலுக்கு வந்தது அதன் பின்னால். நாம் முழம் போட்டு வாங்கும் தங்கூஸ் அந்த வம்சம்.

இப்போது மூங்கிலுக்கு வருவோம். கல்கத்தாவிலிருந்து கப்பலேறிய மூங்கில், 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் துப்பாக்கியும் வயலினும் செய்துவந்த சாமுவேல் பிலிப்பி கையில் சிக்கியது. மூங்கிலின் வலு அதன் வெளித்தோலை ஒட்டிய நாரில் இருக்கிறது என்று கண்ட அவர், அதைப் பட்டைகளாகப் பிளந்து, செதுக்கி, வெளிப்பக்கம் வெளியே இருக்கும்படி ஒட்டினார். ஹைரம் லியோனார்ட் அதை ஆறு பட்டைத் தண்டாகச் செப்பனிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார். பிறகு தென்சீன மூங்கில் கல்கத்தா மூங்கிலை விரட்டியது. 1950இல் சீனாவோடு வணிகத்தை அமெரிக்கா நிறுத்தியதும் அதுவும் நின்றது. இடத்தைப் பிடிக்கக் கண்ணாடியிழை தயாராக இருந்தது. ஆர்தர் ஹோவால்ட் என்ற ஆய்வாளர், உடைந்துபோன தம் மூங்கில் தண்டின் நுனியைப் பழுதுபார்க்கப் போய்க் கண்டது அது. இன்றைய கரிமஇழைத் தண்டுகளோ விமான ஆராய்ச்சியின் மிச்சம்.

ராட்டினத்தை, அதாவது ரீலைப் பொறுத்தவரை கடிகாரக்காரர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளை பலமுறை சுழலும் பல்சக்கர ரீலை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்தவர் கென்டக்கியின் கடிகாரக்காரர் ஜார்ஜ் ஸ்நைடர். 1905இல் பிராட்ஃபோர்ட் நூற்பாலை முதலாளி ஆல்பிரட் இல்லிங்வொர்த், தறிக்கட்டையிலிருந்து நூல் நுனிவழியாக நழுவி வருவதைப் பார்த்து, உருளை சுழலாமலே நூல் ஓடும் ரீலுக்குக் காப்புரிமை வாங்கினார். சுவீடனின் ஏபியு நிறுவனம் கடிகாரமும் டாக்சி மீட்டரும் செய்துவந்தது. இரண்டாம் உலகப் போரில் டாக்சிகள் நின்றதும், சும்மாக் கிடந்த பல்சக்கர இயந்திரங்களில் ரீல் செய்யத் தொடங்கியது.

எல்லாவற்றையும் மிஞ்சியது அமெரிக்காவின் டல்சா நகரக் கதை. எண்ணெய்க் கிணற்றுக்குள் வெடிக்கும் நேரக்குண்டுகளைச் செய்துவந்த ஜீரோ ஹவர் பாம் கம்பெனி, காப்புரிமைக் காலம் முடியவிருந்ததால் வேறு பொருள் தேடிக்கொண்டிருந்தது. அப்போது ஆர்.டி. ஹல் என்ற கடிகாரப் பழுதுக்காரர் ஒரு மாதிரியோடு வந்தார். மளிகைக்கடையில் ஆடாமல் நிற்கும் உருண்டையிலிருந்து பொட்டலம் கட்டும் நூல் சிக்கலின்றி உருவி வருவதைப் பார்த்துத் தோன்றிய யோசனை அது. 1949இல் அவர்களின் மூடிய ரீல் வந்தது. கட்டைவிரலால் பொத்தானை அழுத்தி வீச வேண்டியதுதான், குழந்தைகூட வீசலாம். அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு அனுப்பிய ரீல் பொதியில் வெடிகுண்டுக் கம்பெனி என்று எழுதியிருந்ததைக் கண்டு பாதுகாப்பு அதிகாரிகள் பதறினார்கள் என்று சொல்வார்கள். 1956இல் பெயர் ஜெப்கோ ஆயிற்று.

போலி இரையில் ஃபின்லாந்துக்காரர் லாரி ராப்பாலா தனி அத்தியாயம். பையான்னே ஏரியில் வலைவீசிப் பிழைத்த அவர், பிற மீனைத் தின்னும் மீன் எப்போதும் காயப்பட்டு ஒருக்களித்து நீந்தும் குஞ்சைத்தான் தேர்ந்தெடுக்கிறது என்று கவனித்தார். 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளை ஒட்டி, உருக்கிய புகைப்படச் சுருளால் பூசி, அதேபோல் தள்ளாடும் மீன் ஒன்றைச் செய்தார். 1962 ஆகஸ்டில் லைஃப் இதழ் அதைப் பற்றி எழுதியது. நடிகை மர்லின் மன்றோ இறந்த மாதம் அது. அவர் படம் அட்டையில் வந்த அந்த இதழை அமெரிக்காவே தேடி வாங்கியது. கூடவே ராப்பாலாவுக்கும் அள்ள அள்ள ஆர்டர். அதே 1962இல் ஆர்கன்ஸாஸில் பிளாஸ்டிக்கில் ஒரு போட்டி மீனும் வந்தது.

கருவி போன இடங்களுக்கெல்லாம் மீனும் போனது. 1864இல் நார்ஃபோக் என்ற கப்பல் சால்மன் முட்டைகளைப் பாசியில் பொதிந்து, ஐஸ்கட்டிகளுக்கு நடுவே மெல்போர்ன் கொண்டுசென்றது. அங்கிருந்து அவை டாஸ்மேனியா போயின. கடைசி நேரத்தில் கொஞ்சம் டிரவுட் முட்டைகளும் கூடச் சேர்க்கப்பட்டிருந்தன. சால்மன் கடலுக்குப் போய்த் திரும்பவேயில்லை. ஒட்டிக்கொண்டு வந்த டிரவுட் பெருகி நியூசிலாந்துக்கும் பரவியது. நீலகிரியில் 1860களில் சென்னை ராணுவ மருத்துவர் பிரான்சிஸ் டே எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சுப் பண்ணை அமைத்த பிறகே வானவில் டிரவுட் அங்கே நிலைத்தது.

இதற்கு நடுவில், இந்த மண்ணின் மீனே போதும் என்றார் ஒருவர். சென்னை மாகாண அதிகாரி எச்.எஸ். தாமஸ் 1873இல் மங்களூரில் வெளியிட்ட நூலில் மஹசீர் மீனைச் சால்மனுக்கு நிகராக வைத்தார். அவர் சொன்னதில் தவறில்லை. 1946இல் காவிரியின் துணையாறான கபினியில் தூண்டிலில் பிடிபட்ட மஹசீர் 120 பவுண்டு இருந்தது. அந்தத் திமில் மஹசீர் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதற்கு முறையான அறிவியல் பெயர் உறுதியானதே 2018இல். வெளியிலிருந்து கொண்டுவந்துவிட்ட வேறு மஹசீர் இனம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டதைக் காட்டிக்கொடுத்தது, பிடித்த மீனை எழுதிவைத்துவிட்டு ஆற்றிலேயே விட்ட தூண்டில்காரர்களின் பதிவேடுதான்.

புதிதாகத் தொடங்குகிறவர் ஆப்பிரிக்காவிலிருந்து 1952இல் இங்கே வந்துசேர்ந்த ஜிலேபிக் கெண்டையிலிருந்து தொடங்கலாம். எங்கும் இருக்கிறது, எதையும் தின்னும். முள் வாங்கும்போது எண் கூடக்கூட முள் சிறிது என்பதை நினைவில் வையுங்கள். 10 அல்லது 12ஆம் எண் போதும். முள் முழுவதையும் மூடும்படி மண்புழுத் துண்டையோ பிசைந்த கோதுமை மாவையோ குத்துங்கள். தக்கையைத் தரையிலிருந்து ஒரு சாண் மேலே இரை தொங்கும்படி நகர்த்திக்கொள்ளுங்கள். தக்கை நடுங்கும்போது பொறுங்கள். அது அமிழும்போது மணிக்கட்டைத் தூக்கினால் போதும். ரீல் வைத்திருந்தால், கையால் இழுக்கும்போது நூல் அறுவதற்கு முன் உருளை விட்டுக்கொடுக்கும் அளவுக்குப் பிடியைத் தளர்த்திவையுங்கள். மீனைத் திரும்ப விடுவதாக இருந்தால் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள், கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். சிவந்த குஞ்சுக்கூட்டத்தைக் காவல்காக்கும் விராலை எக்காரணம் கொண்டும் பிடிக்காதீர்கள். ஏரியைக் குத்தகை எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குதிரைமயிரும் பட்டுப்புழு இழையும் கரையில் விட்டால் மக்கிவிடும். தங்கூஸ் மக்காது. நாரையின் காலில், ஆமையின் கழுத்தில், நீர்க்காகத்தின் சிறகில் அது சுற்றிக்கொள்கிறது. அறுந்த நூல் ஒரு விரற்கடை ஆனாலும், சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு எடுத்துவாருங்கள்.