ரங்கூனில் ஒரு வாத்தியார்

2019 டிசெம்பரில் ரங்கூன் போனேன். இப்ப யாங்கோன் என்கிறார்கள். ரங்கூன் அரிசிச் சோறு சாப்பிட்டு வளர்ந்த எங்கட அப்பம்மாவுக்கு அது கடைசிவரைக்கும் ரங்கூன்தான். றெஸ்ரோரண்டில் கோப்பை கழுவிச் சேர்த்த காசு, பத்து நாள் லீவு.

அனோரதா வீதியில் காளி கோயில். 1871இல் தமிழர் கட்டினது. கோபுரத்தைக் கண்டதும் கை தன்பாட்டில் கும்பிட்டது. கொஞ்சத்தூரம் நடந்தால் சூலே பகோடா. அதற்கு முன்னால் பள்ளிவாசல், கிட்டவே ஒரு தேவாலயம். 26ஆம் வீதியில் யூதர்களின் ஆலயமும் இருக்கிறது. மதநல்லிணக்கம் என்றால் இதுதான் என்று படம் எடுத்துத் தள்ளினேன்.

பிறகு பழைய தலைமைச் செயலகத்தைப் பார்க்கப் போனேன். சிவப்புச் செங்கல் கட்டடம். 1947 யூலை 19 அன்று ஆங் சானையும் அமைச்சர்களையும் அங்கேதான் சுட்டுக் கொன்றார்கள். செத்தவர்களில் ஒருவர் கல்வி அமைச்சர் அப்துல் ரசாக். தகப்பன் தமிழ் முஸ்லிம், தாய் பர்மியப் பெண். மண்டலேயில் தேசியப் பாடசாலை ஒன்றின் தலைமையாசிரியராக இருந்தவர். முஸ்லிமாக இருந்துகொண்டே பாளியும் பௌத்தமும் படித்தவர். சனம் அவரை 'சயாஜி' என்று கூப்பிட்டது. பெரிய வாத்தியார் என்று அர்த்தம்.

அவர் பிறந்த ஊர் மெய்க்திலா. அதே ஊரில் 2013 மார்ச்சில், ஒரு நகைக்கடைத் தகராறில் தொடங்கிய கலவரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் முஸ்லிம்கள். யூலை 19ஐ வருசாவருசம் தியாகிகள் நாளாக அனுசரிக்கிற நாட்டில்தான் இது நடந்தது.

பௌத்த பேரினவாதம் எங்கேயும் இப்படித்தான் என்று எழுதி முடித்துவிடலாம். எங்களுக்கு அது பழகின கதை. ஆனால் அந்தக் கட்டடத்துக்கு முன்னால் நின்றபோது எனக்கு வேறொரு நாள்தான் ஞாபகம் வந்தது.

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் புலிகள். எங்கட ஊரிலும் கோயிலும் பள்ளிவாசலும் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தன. எனக்குப் பதினாலு வயது. எனக்குக் கணக்குப் படிப்பித்த வாத்தியார் ஒரு பையோடு ஒழுங்கையால் போனார். நான் வேலிக்குப் பின்னால் நின்றேன். "சேர்" என்று ஒருக்கால் கூப்பிட்டிருக்கலாம். அம்மா உள்ளே வரச் சொன்னா. போய்விட்டேன்.

ரங்கூனால் வந்தபிறகு ஊரில் இருக்கிற அண்ணருக்குப் போன் எடுத்து, வாத்தியார் எங்கே என்று விசாரித்தேன். 2006இல் புத்தளத்தில் மௌத்தாகிவிட்டாராம்.

இவ்வளவத்தையும் அவருக்கு எழுதியிருக்க வேணும். உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.