ஈய வெள்ளையின் கதை



மரமும் இரும்பும் வெயிலையும் மழையையும் தாங்கி நெடுநாள் நிலைப்பதற்கு மனிதன் கண்ட உபாயம் வர்ணப் பூச்சு. பொருளைக் காக்கும் அந்த மெல்லிய தோல், அதைப் பூசியவனையும் அதனருகே விளையாடிய குழந்தையையும் காத்ததா? இவ்வினாவை முன்வைத்து, ஈய வெள்ளை என்னும் ஒரு பொருளின் வரலாற்றை இன்று கூற விழைகின்றேன்.

காடியின் ஆவி பட்டால் ஈயத்தின் மேல் வெண்மையான படலம் படியும் என்பதைக் கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார். பிற்காலத்தில் டச்சுக்காரர் இதைப் பெருந்தொழிலாக்கினர். மண்கலங்களில் காடியை ஊற்றி, ஈயத் தகடுகளை அதில் படாமல் வைத்து, சுற்றிலும் சாண எருவைக் குவித்து மூடுவர். எருவின் வெப்பம் காடியை ஆவியாக்கும். எருவிலிருந்து எழும் கரியமில வாயு ஈயத்தை வெண்பொடியாக்கும். சில மாதங்கள் கழித்துத் திறந்து, பொடியைச் சேகரிப்பர்.

இப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பூசினால் அடிநிறம் முற்றும் மறையும். ஈயமும் எண்ணெயும் இரசாயன முறையில் இணைவதால், உலர்ந்த படலம் உறுதியும் நெகிழ்வும் பெற்று மழைக்கு ஈடு கொடுக்கும். வர்ணம் பூசுவோர் இதனை விரும்பியதில் வியப்பில்லை.

ஆயினும் ஈயம் நஞ்சு. உரோமாபுரிக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், ஈயத் தொழிலாளரின் வெளிறிய மேனியைச் சுட்டிக்காட்டி, கி.மு. முதல் நூற்றாண்டிலேயே எச்சரித்தார். பூசும் தொழிலாளர் பலர் கொடிய வயிற்றுச் சூலையால் துடித்தனர். சிலருக்கு மணிக்கட்டு வலுவிழந்து தொங்கிற்று.

குழந்தைகளின் துயரம் பின்னரே வெளிப்பட்டது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் கண் மருத்துவராயிருந்த லாக்ஹார்ட் கிப்சன், சிறுவர்களைத் தாக்கிய ஈய நோய்க்கு வீட்டுத் தாழ்வாரக் கைப்பிடிகளிலும் சுவர்களிலும் பூசிய வர்ணமே காரணம் என்று 1904ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். வெயிலில் பொடிந்த வர்ணம் விரலில் ஒட்டும்; விரல் வாய்க்குச் செல்லும். எவ்வளவு எளிய விளக்கம்! குவீன்ஸ்லாந்து 1922இல் சட்டம் செய்தது. அதற்கு முந்திய ஆண்டில், கட்டடங்களின் உட்புறப் பூச்சில் ஈய வெள்ளையைத் தடுக்கும் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழில் மாநாடு ஜினீவாவில் நிறைவேற்றிற்று. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை. அமெரிக்காவில் வீட்டு வர்ணங்களில் ஈயம் தடுக்கப்பட்டது 1978இல்தான். இந்தியாவில் 2016இல் வெளியான விதிகள், வீட்டு வர்ணங்களில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்கு என வரையறுத்தன.

மாற்றுப் பொருள் கிட்டவில்லையா? கிட்டியது. முதல் உலகப் போரை ஒட்டி நார்வேயிலும் அமெரிக்காவிலும் டைட்டானிய வெள்ளை தொழில்முறையில் உருவாகியது. அதற்கு மூலமான இல்மனைட் என்னும் கரிய கனிமம், நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் உண்டு. கருமணலிலிருந்து நஞ்சற்ற வெண்மை பிறந்தது!

கிப்சனின் எச்சரிக்கைக்கும் அமெரிக்கத் தடைக்கும் இடையே 74 ஆண்டுகள் கழிந்தன. அறிவு பிறந்தால் மட்டும் போதாது. அதனைச் செயலாக்கும் துணிவும் வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம். பழைய வீடுகளின் கதவுகளிலும் சன்னல்களிலும் ஈயப் பூச்சு இன்னும் தங்கியிருக்கக் கூடும். அத்தகைய பூச்சை உலர்ந்த தூளாய்ப் பறக்குமாறு சுரண்டாதீர்கள். நனைத்து அகற்றச் சொல்லுங்கள். குழந்தைகளை அப்பால் நிறுத்துங்கள்.