எக்சிமா உள்ளோரின் கண் நோய்கள்

எக்சிமா எனப்படும் ஒவ்வாமைத் தோலழற்சி, முழங்கை மடிப்போடும் முழங்கால் குழியோடும் நின்றுவிடுவதில்லை. இமையில் தொடங்கி விழித்திரை வரை கண்ணின் எந்தப் பகுதியையும் அது தாக்கக்கூடும். இந்நோயாளிகளுக்கு வரும் கண்சிவப்பையும் கருவிழிப் பாதிப்பையும் அமெரிக்கக் கண் மருத்துவர் மைக்கேல் ஹோகன் 1952இல் தனி நோயாக விவரித்தார். ஹனிஃபினும் ராய்க்காவும் 1980இல் வகுத்த எக்சிமா அடையாளங்களில் கீழிமை மடிப்பு, கண்ணைச் சுற்றிய கருமை, கூம்புக் கருவிழி, வில்லையின் முன்புறப் புரை ஆகியவையும் உண்டு.

பெருஞ்சேதத்துக்குக் காரணம் பல நேரம் நோயாளியின் கைதான். அரிப்புத் தாங்காமல் கண்ணைக் கசக்கக் கசக்கக் கருவிழி மெலிந்து கூம்பாகத் துருத்துகிறது. கண்ணாடியை எத்தனை முறை மாற்றினாலும் பார்வை தெளிவதில்லை. பதின்ம வயதில் இது வேகமாக முற்றும். தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் ரிபோஃபிளாவின் சொட்டு விட்டு, புற ஊதாக் கதிர் பாய்ச்சிக் கருவிழியை இறுக்கலாம். ஜெர்மனியின் டிரெஸ்டன் மருத்துவர்கள் இதன் பலனை 2003இல் வெளியிட்டனர். மிகவும் முற்றினால் கருவிழி மாற்று அறுவைதான். அரிப்பை அடக்க முகத்தில் அறைந்துகொள்ளும் இளைஞர்களுக்கு விழித்திரை விலகியதை ஜப்பானிய மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

சுற்றுச்சூழலும் அரிப்பைக் கூட்டும். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து ஈரக்காற்று தூசிப்பூச்சிகளுக்கு மிகவும் உகந்தது. மெத்தையிலும் தலையணையிலும் சேரும் அவற்றின் கழிவு கண்ணரிப்பைத் தூண்டும். புகைமூட்டக் காலம் இன்னும் கொடியது. 2013 ஜூன் 23 அன்று சுமத்ராவிலிருந்து வந்த புகையால் ஜொகூரின் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டது. 300ஐத் தாண்டினாலே அபாயம் என்று கொள்ளும் அளவுகோல் அது. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அப்படிப்பட்ட நாளில் நல்ல கண்ணே எரியும். ஏற்கெனவே அழன்ற கண்ணின் பாடு சொல்லி முடியாது.

மருந்திலும் கவனம் வேண்டும். மேற்பார்வையின்றி நெடுநாள் இமையில் ஸ்டீராய்டு களிம்பு பூசுவதும் கண்ணில் ஸ்டீராய்டு சொட்டு விடுவதும் கண்ணழுத்தத்தை ஏற்றலாம், வில்லையின் பின்புறம் புரையை உண்டாக்கலாம். ஏறிய கண்ணழுத்தம் வலியே இல்லாமல் பார்வை நரம்பைக் கெடுக்கும். அதற்காக ஸ்டீராய்டுக்கு அஞ்சிச் சிகிச்சையையே கைவிடுவதும் பெருந்தவறு. அரிப்பு அடங்காமல் கை அடங்காது. இமைக்கு டாக்ரோலிமஸ் களிம்பு நல்ல மாற்று. 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டுபிலுமாப் ஊசி தோலை ஆற்றினாலும் சிலருக்குக் கண்சிவப்பைத் தருகிறது.

ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் தோல் பிரிவு போன்ற இடங்களுக்குச் செல்வோர், முகத்தில் எக்சிமா இருந்தால், பார்வை நன்றாக இருக்கும்போதே கண் பரிசோதனையையும் கேட்டுப் பெறுவது நல்லது. இமையருகே கொப்புளக் கூட்டம், கண்வலி, வெளிச்சக் கூச்சம் ஆகியவை ஹெர்ப்பிஸ் தொற்றாக இருக்கலாம். பார்வையில் மின்னல் வெட்டுவதும் நிழல் படர்வதும் விழித்திரை விலகலின் அறிகுறிகள். இவற்றில் எது தோன்றினாலும் அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.