நெதர்லாந்துத் தெருக்கள் மீட்கப்பட்ட வரலாறு

நெதர்லாந்து நாட்டில் நடந்து செல்வோருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் பாதுகாப்பான தெருக்கள் 1970களில் தொடங்கிய மக்கள் இயக்கத்தின் பயனாக உருவானவை. சாலை விபத்துகளில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான குழந்தைகள் இறந்ததைக் கண்டு பெற்றோர் வீதிக்கு வந்தனர். அவர்களின் போராட்டமும் 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் நகராட்சிகளின் துணிவான திட்டங்களும் சேர்ந்து அந்நாட்டின் சாலைக் கொள்கையையே மாற்றின. இன்று அங்கு ஏறத்தாழ 35,000 கி.மீ. நீளத்துக்கு மிதிவண்டிப் பாதைகள் உள்ளன. மக்கள்தொகையை விட மிதிவண்டிகளின் எண்ணிக்கை அதிகம்.

நெதர்லாந்து சமதரையான நாடு, அதனால்தான் அங்கு எல்லோரும் மிதிவண்டி ஓட்டுகிறார்கள் என்று பலரும் கருதுகின்றனர். நிலம் சமமாக இருப்பது ஓர் உதவிதான். ஆனால் 1950களிலும் 1960களிலும் அந்நிலம் அப்படியே இருந்தபோதும் மிதிவண்டிப் பயன்பாடு ஆண்டுக்கு ஆண்டு சரிந்தது. பிறகு அது மீண்டதற்குக் காரணம் இயற்கை அன்று. மக்கள் எடுத்த முடிவுகளே.

கார்களின் பெருக்கம்

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நெதர்லாந்து நகரங்களில் மிதிவண்டியே முதன்மையான ஊர்தி. தொழிலாளரும் அலுவலரும் மாணவரும் அதிலேயே சென்றனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வருவாய் உயர்ந்தது. கார் வாங்குவது எளிதாயிற்று. 1960இல் சுமார் 5 இலட்சமாக இருந்த கார்களின் எண்ணிக்கை 1970இல் சுமார் 25 இலட்சத்தை எட்டியது. பத்தே ஆண்டுகளில் ஐந்து மடங்கு.

பழைய நகரங்களின் குறுகிய தெருக்கள் இதைத் தாங்கவில்லை. சதுக்கங்கள் வண்டி நிறுத்துமிடங்களாயின. சாலையை அகலப்படுத்த வீடுகள் இடிக்கப்பட்டன. உட்ரெக்ட் நகரில் பல நூற்றாண்டுப் பழமையான அகழிக் கால்வாயின் ஒரு பகுதியில் நீரை வெளியேற்றிவிட்டு அவ்விடத்தில் விரைவுச் சாலை அமைத்தனர். 1967இல் அமெரிக்கரான டேவிட் யோகினன் என்பவர் ஆம்ஸ்டர்டாமுக்கு ஒரு திட்டம் தந்தார். பழைய குடியிருப்புகளை இடித்து நகரின் மையம் வரை விரைவுச் சாலை கொண்டுவருவதே அதன் நோக்கம். அத்திட்டம் நிறைவேறவில்லை; ஆனால் அக்காலத்து எண்ணம் எந்தத் திசையில் சென்றது என்பதை அது காட்டுகிறது.

எதிர்க்குரல்களும் எழுந்தன. 1965இல் ஆம்ஸ்டர்டாமில் 'புரோவோ' என்ற இளைஞர் குழு வெள்ளை மிதிவண்டித் திட்டத்தை முன்வைத்தது. லூட் ஸ்கிம்மல்பெனிங்க் இதை வகுத்தவர். மிதிவண்டிகளுக்கு வெள்ளை வண்ணம் பூசி, பூட்டாமல் தெருவில் விடுவார்கள்; யார் வேண்டுமானாலும் எடுத்துச் செல்லலாம். பூட்டாமல் வண்டியை விடுவது சட்டப்படி தவறு என்று கூறிக் காவல்துறை அவற்றைப் பறிமுதல் செய்தது. இன்று பல நாடுகளில் உள்ள பொது மிதிவண்டித் திட்டங்களின் முன்னோடியாக இது கருதப்படுகிறது.

குழந்தைகளின் இறப்பும் பெற்றோரின் இயக்கமும்

1970களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் சாலை விபத்துகளில் ஆண்டுக்கு 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்று நாட்டின் மக்கள்தொகை சுமார் 1.3 கோடி மட்டுமே. 1971இல் இறந்தவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பலர் பள்ளிக்கு நடந்தோ மிதிவண்டியிலோ சென்றவர்கள்.

அவ்வாண்டு இறந்த குழந்தைகளில் ஒருத்தி விக் லாங்கன்ஹோஃப் என்ற இதழாளரின் ஆறு வயது மகள். 1972இல் அவர் தாம் பணியாற்றிய 'டெ டெய்ட்' நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பு 'ஸ்டாப் டெ கின்டர்மோர்ட்'. 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்பது இதன் பொருள். 'விபத்து' என்று எல்லோரும் சொல்லிவந்ததை அவர் 'கொலை' என்று எழுதினார். யாருக்கும் பொறுப்பில்லாத தற்செயல் நிகழ்வு என்ற எண்ணத்தை அச்சொல் உடைத்தது. சாலையை அப்படி அமைத்தவர்களுக்கும், அதைப் பொறுத்துக்கொண்ட சமூகத்துக்கும் அதில் பங்குண்டு என்பதே அவர் சொல்ல வந்தது.

அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. இளம் தாயான மார்ட்யே ஃபான் புட்டன் அதன் முதல் தலைவரானார். பிற்காலத்தில் இவர் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினராகவும் பணியாற்றினார். இயக்கத்தினர் விபத்து நடந்த தெருக்களை மறித்தனர். சில தெருக்களைக் குறிப்பிட்ட நாட்களில் மூடிக் குழந்தைகளை விளையாட விட்டனர். மிதிவண்டி ஊர்வலங்கள் நடத்தினர். பிரதமர் யோப் டென் அய்லின் வீட்டுக்கே மிதிவண்டியில் சென்று தங்கள் கோரிக்கையைக் கூறினர். எதிர்ப்பதோடு நில்லாமல், தெருக்களை எப்படி அமைக்கலாம் என்ற யோசனைகளையும் அவர்களே வகுத்தளித்தனர். பின்னர் அரசு அவர்களுக்கு நிதியுதவியும் வழங்கியது. 1975இல் மிதிவண்டி ஓட்டுவோருக்கான தனிச் சங்கமும் தோன்றியது.

எண்ணெய் நெருக்கடி

1973 அக்டோபரில் நடந்த அரபு – இஸ்ரேல் போரில் இஸ்ரேலை ஆதரித்த நெதர்லாந்துக்கு அரபு நாடுகள் எண்ணெய் தர மறுத்தன. எரிபொருளைச் சேமிக்க ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதை அரசு தடை செய்தது. முதல் 'காரில்லா ஞாயிறு' 1973 நவம்பர் 4. 1974 சனவரி தொடக்கம் வரை இது நீடித்தது. விரைவுச் சாலைகளில் மக்கள் நடந்தனர். குழந்தைகள் உருளைச் சறுக்கணிகளில் விளையாடினர். கார் இல்லாத தெரு எப்படி இருக்கும் என்பதை நாடு முழுவதும் நேரில் கண்டது. இயக்கத்தினர் கேட்டது நடக்காத கனவன்று என்பது இதனால் பலருக்கும் விளங்கியது.

வோனெர்ஃப்: வாழும் முற்றம்

டெல்ஃப்ட் நகரில் 1960களின் இறுதியிலேயே ஒரு புதுமுயற்சி தொடங்கியிருந்தது. நகரத் திட்டவியலாளர் நீக் டெ பூர் இதற்கு 'வோனெர்ஃப்' என்று பெயரிட்டார். 'வாழும் முற்றம்' என்று இதைத் தமிழில் கூறலாம். நகராட்சிப் பொறியாளர் யோஸ்ட் வால் இதனைத் தெருக்களில் செயல்படுத்தினார்.

வோனெர்ஃபில் நடைபாதை தனி, வண்டிப்பாதை தனி என்ற பிரிவு இல்லை. தெரு முழுவதும் ஒரே மட்டத்தில் இருக்கும். மரங்கள், இருக்கைகள், வளைவுகள், மேடுகள் ஆகியவை இடையிடையே வரும். நேராக வேகமெடுக்க வழியில்லாததால் ஓட்டுநர் தாமாகவே மெதுவாகச் செல்வார். 1976இல் இதற்குச் சட்டத் தகுதி கிடைத்தது. அச்சட்டத்தின்படி:

• நடப்போர் தெருவின் முழு அகலத்தையும் பயன்படுத்தலாம். குழந்தைகள் தெருவில் விளையாடலாம்.
• வண்டிகள் நடை வேகத்திலேயே செல்ல வேண்டும்.
• குறியிட்ட இடங்களில் மட்டுமே காரை நிறுத்தலாம்.
• நடப்போரும் காரணமின்றி வண்டிகளை மறிக்கக் கூடாது.

வேகமும் உயிரும்

எல்லாத் தெருக்களையும் வோனெர்ஃபாக மாற்றுவது செலவு மிக்கது. ஆகவே 1983 முதல் குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 30 கி.மீ. வேக எல்லை கொண்ட வட்டாரங்களை அமைக்கச் சட்டம் இடமளித்தது.

50க்குப் பதில் 30 என்பது சிறிய மாற்றமாகத் தோன்றலாம். ஆனால் ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும் என்பதைப் பள்ளி இயற்பியலில் படிக்கிறோம். 30இன் வர்க்கம் 900. 50இன் வர்க்கம் 2,500. எனவே 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் கிட்டத்தட்ட 2.8 மடங்கு ஆற்றலுடன் மோதும். வண்டியை நிறுத்தத் தேவைப்படும் தூரமும் கூடும். 30 கி.மீ. வேகத்தில் மோதினால் நடப்பவர் பெரும்பாலும் உயிர் பிழைப்பார். 50இல் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறையும். ஆம்ஸ்டர்டாம் நகரம் 2023 டிசம்பரில் தன் பெரும்பாலான தெருக்களில் 30 கி.மீ. எல்லையைக் கொண்டுவந்தது.

நகரங்களின் சோதனைகள்

1970களின் நடுவில் தி ஹேக், டில்பர்க் ஆகிய நகரங்களில் மைய அரசின் நிதியில் மாதிரி மிதிவண்டிப் பாதைகள் போடப்பட்டன. தி ஹேக்கில் கடைக்காரர்கள் எதிர்த்தனர். பாதை அமைந்த பின் அவ்வழியே மிதிவண்டியில் செல்வோர் கூடினர். ஆனால் ஒரே ஒரு நல்ல பாதையால் நகரம் முழுவதும் மிதிவண்டிப் பயன்பாடு உயர்ந்துவிடாது என்பதும் தெரியவந்தது. வீட்டிலிருந்து சேர வேண்டிய இடம் வரை பாதை அறுபடாமல் இருக்க வேண்டும். இந்தப் பாடத்தைக் கொண்டு 1980களில் டெல்ஃப்ட் நகரம் முழுமையான மிதிவண்டிப் பாதை வலைப்பின்னலை அமைத்தது.

குரோனிங்கன் நகரம் வேறு வழியைக் கண்டது. நகராட்சி நிர்வாகி மாக்ஸ் ஃபான் டென் பெர்க் முன்னின்று நடத்திய போக்குவரத்துத் திட்டம் 1977 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நகர மையம் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குக் காரில் நேராகச் செல்ல முடியாது. வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றி வர வேண்டும். நடப்போரும் மிதிவண்டிகளும் நேராகச் செல்லலாம். வணிகம் கெடும் என்று கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தும் நகராட்சி பின்வாங்கவில்லை. இன்று உலகில் மிதிவண்டிப் பயன்பாடு மிக அதிகமான நகரங்களுள் குரோனிங்கனும் ஒன்று.

பொறுப்பும் சாலை வடிவமைப்பும்

நெதர்லாந்துச் சட்டத்தில் காருக்கும் நடப்பவர் அல்லது மிதிவண்டி ஓட்டுபவருக்கும் இடையே மோதல் நேர்ந்தால், இழப்பீட்டுப் பொறுப்பு பெரும்பாலும் கார் தரப்பையே சேரும். பாதிக்கப்பட்டவர் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையானால் ஏறக்குறைய முழுப் பொறுப்பும் கார் தரப்புக்கே. இது இழப்பீடு பற்றிய விதி மட்டுமே. ஓட்டுநர் எப்போதும் குற்றவாளி என்று இதற்குப் பொருளில்லை. ஆபத்தை விளைவிக்கும் ஆற்றல் யாரிடம் மிகுதியோ அவரிடமே பொறுப்பும் மிகுதி என்பது இதன் அடிப்படை.

1990களில் 'நிலைத்த பாதுகாப்பு' என்ற கொள்கை ஏற்கப்பட்டது. மனிதர் தவறு செய்வது இயல்பு. அத்தவறு உயிரைப் பறிக்காதபடி சாலை அமைய வேண்டும் என்பது இதன் சாரம். வண்டிகள் விரைந்து செல்லும் சாலைகளில் மிதிவண்டிகளுக்குத் தனிப்பாதை. அனைவரும் கலந்து செல்லும் தெருக்களில் குறைந்த வேகம்.

பயனும் மீதமுள்ள சிக்கலும்

1970களின் தொடக்கத்தில் 3,000க்கு மேலிருந்த ஆண்டு இறப்புகள், கார்கள் பல மடங்கு பெருகிய போதும், 2013, 2014ஆம் ஆண்டுகளில் சுமார் 570 ஆகக் குறைந்தன. இருக்கைப் பட்டை, மேம்பட்ட மருத்துவம் போன்றவையும் இதற்குக் காரணங்கள். உட்ரெக்டில் விரைவுச் சாலையாக மாறிய கால்வாயில் 2020 செப்டம்பரில் மீண்டும் நீர் நிறைந்தது.

எனினும் இப்பணி முடிந்துவிடவில்லை. 2022இல் சாலை இறப்புகள் மீண்டும் 700ஐக் கடந்தன. அவர்களில் கார்களில் சென்றவர்களை விட மிதிவண்டியில் சென்றவர்களே அதிகம்; பலர் முதியோர். மின் மிதிவண்டிகளின் வேகத்துக்கும் முதியோரின் தேவைக்கும் ஏற்பப் பாதைகளை அகலப்படுத்துவது இப்போதைய சவால். குழந்தைகளின் பெயரால் தொடங்கிய முயற்சி இன்று தாத்தா பாட்டிகளுக்காகவும் தொடர வேண்டியுள்ளது.