இரண்டாம் சுற்று முதனிலைத் தேர்தல்: ஒழிப்புக் கோரிக்கைகள்

அமெரிக்காவில் ஒரு கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுப்பது முதனிலைத் தேர்தல். தென் மாநிலங்கள் பலவற்றில், அதில் எவருக்கும் பாதிக்கு மேல் வாக்கு கிடைக்காவிட்டால், முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் சில வாரங்கள் கழித்து மீண்டும் மோத வேண்டும். இந்த இரண்டாம் சுற்றைக் கைவிடும்படி எழுந்த கோரிக்கைகள் 1980களில் உச்சத்தைத் தொட்டன.

மிசிசிப்பி 1902இல் இம்முறையைச் சட்டமாக்கியது. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. அன்று தெற்கில் ஜனநாயகக் கட்சிக்கு எதிர்ப்பே இல்லை. அதன் முதனிலைத் தேர்தலில் வென்றவர் பதவியில் அமர்ந்தது போலத்தான். ஐந்தாறு பேர் போட்டியிட்டு வாக்குகள் சிதறினால் சிறுபான்மையினரின் ஆதரவு மட்டுமே பெற்ற ஒருவர் வென்றுவிடுவார் என்பதால் இரண்டாம் சுற்று வந்தது என்பர் ஒரு சாரார். கறுப்பின மக்களை ஒதுக்கவே வந்தது என்பர் மற்றவர். அவர்களின் வாக்குரிமை அதற்கு முன்பே பறிக்கப்பட்டிருந்ததால் முதல் விளக்கத்துக்கும் வலு உண்டு. ஆனால் ஜார்ஜியாவின் 1964ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அது பொருந்துமா என்பது ஐயமே. அங்கே பெரும்பான்மை விதிக்காக முன்நின்ற டென்மார்க் குரூவர், 1958இல் தாம் தோற்றதற்குக் கறுப்பின வாக்குகளே காரணம் எனக் கருதியவர்.

1948இல் டெக்சாசில் செனட் பதவிக்கு நடந்த ஜனநாயகக் கட்சி முதனிலைத் தேர்தல் தனியே சொல்லத்தக்கது. முதல் சுற்றில் கோக் ஸ்டீவன்சன் 70,000 வாக்குகளுக்கு மேல் முந்தினார். ஆகஸ்டில் நடந்த இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ பத்து லட்சம் வாக்குகளில் லிண்டன் ஜான்சன் வென்றது 87 வாக்கு வித்தியாசத்தில். ஆலிஸ் நகரின் 13ஆம் வாக்குப் பெட்டிக்குரிய வாக்களித்தோர் பட்டியலில் பிற்பாடு சேர்ந்த 200க்கும் மேற்பட்ட பெயர்கள் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், அகரவரிசையில் இருந்ததாகப் பட்டியலைப் பார்த்தவர்கள் கூறினர். இரண்டாம் சுற்று இல்லாதிருந்தால் ஜான்சன் அந்த ஆண்டு செனட்டுக்குப் போயிருக்க மாட்டார்.

1970இல் இம்முறை இரு திசையிலும் வேலை செய்தது. புளோரிடாவில் முதல் சுற்றில் இரண்டாவதாக வந்த ரூபின் ஆஸ்க்யூ, இனச் சமத்துவத்தை ஆதரித்தவர், ஆளுநரானார். அலபாமாவிலோ, அப்படியே இரண்டாவதாக வந்த ஜார்ஜ் வாலஸ் அப்பட்டமான இனவெறிப் பிரசாரத்தால் ஆல்பர்ட் புரூவரை வீழ்த்தினார்.

வட கரோலினாவின் 2ஆவது நாடாளுமன்றத் தொகுதியில் 1982இல் நடந்ததே கோரிக்கையைக் கொழுந்துவிட வைத்தது. கறுப்பின வேட்பாளர் மிக்கி மிஷோ முதல் சுற்றில் சுமார் 44 விழுக்காடு பெற்று முதலிடத்தில் நின்றார். மற்ற இருவரும் வெள்ளையர். அவர்களுக்கிடையே வாக்கு பிரிந்திருந்தது. நேருக்கு நேர் போட்டியில் டிம் வாலன்டைன் அவரை வென்றார். 1984இல் அதிபர் வேட்பாளர் போட்டியில் இறங்கிய ஜெஸி ஜாக்சன், இரண்டாம் சுற்று வாக்குரிமைச் சட்டத்தை மீறுவதாகச் சொல்லி ஒழிப்பை முக்கியக் கோரிக்கையாக்கினார். சான் பிரான்சிஸ்கோவில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாடு அதை நிராகரித்தது. முதல் சுற்றில் முந்தியவர்களே பெரும்பாலும் இரண்டாவதிலும் வென்றார்கள் என ஆய்வாளர்கள் காட்டினர். ஆனால் கறுப்பின வேட்பாளர்களுக்கும் அது அப்படியே பொருந்துமா என்பதில் கருத்தொற்றுமை இல்லை.

நீதிமன்றங்கள் பெரும்பாலும் கைவிரித்தன. எவருக்கும் 40 விழுக்காடு கிடைக்காவிட்டால் இரண்டாம் சுற்று என்ற நியூயார்க் நகரின் விதியை ஒரு கீழ்நீதிமன்றம் ரத்து செய்தது. 1985இல் மேல்முறையீட்டில் அது பிழைத்தது. ஜார்ஜியாவின் பெரும்பான்மை விதிக்கு எதிரான வழக்கும் 1998இல் தோற்றது.

மாற்றம் சட்டமன்றங்கள் வழியாகவே வந்தது. வட கரோலினா 1989இல் வரம்பை 40 விழுக்காடாகக் குறைத்தது, 2017இல் 30ஆக்கியது. புளோரிடா இரண்டாம் சுற்றை 2002இல் நிறுத்திவைத்தது. அந்த ஆண்டே, ஆளுநர் பதவிக்கான ஜனநாயகக் கட்சி முதனிலைத் தேர்தலில், பில் மெக்பிரைடு 44 விழுக்காட்டோடு, 5,000 வாக்குக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜேனட் ரீனோவைத் தோற்கடித்தார். 2005இல் நிரந்தர ஒழிப்பு வந்தது. நியூயார்க் நகரம் 2021 முதல் விருப்ப வரிசை வாக்கு முறைக்கு மாறியது. லூயிசியானா எதிர்த்திசையில் சென்று, சில பதவிகளுக்கு 2026 முதல் கட்சி முதனிலைத் தேர்தலையும் அதில் இரண்டாம் சுற்றையும் நடத்த 2024இல் சட்டம் இயற்றியது.